பொருள் தெரியாத குறிகளுக்கு நிரந்தரப் பட்டா

⍼

மேல ஒரு குறி போட்டிருக்கேன், உங்க ஃபோன்ல தெரியுதா இல்ல வெறும் கட்டமா வருதான்னு பாருங்க. தெரிஞ்சா ஒரு செங்கோணம் இருக்கும், அதுக்குக் குறுக்க மடிஞ்சு மடிஞ்சு கீழ இறங்குற ஒரு அம்பு இருக்கும். யூனிகோடுல (உலகத்து எழுத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல ஆளுக்கொரு நம்பர் குடுக்கிற பொது அட்டவணை) இது 2002-லேர்ந்து இருக்கு, 3.2-ங்கிற பதிப்புல உள்ள வந்துச்சு. இன்னிக்கு எந்த பிரவுசரை எடுத்துக்கிட்டாலும் இந்தக் குறி அதுக்குத் தெரியும், ஏன்னா வெப் பக்கம் எழுதற எச்டிஎம்எல்-ல இதுக்கு 'ஆங்ஸார்'னு ஒரு சுருக்கப் பேரே இருக்கு, ஆம்பர்சாண்ட் போட்டு அந்தப் பேரை அடிச்சு செமிகோலன் வச்சா குறி வந்து நிக்கும். யூனிகோடுல இதோட முழுப் பேரு இங்கிலீஷ்ல நீளமா இருக்கும், செங்கோணம், அதோட கீழ பாக்குற மடிப்பு அம்புன்னு. அந்தப் பேரை நல்லா கவனிங்க. உருவம் எப்டி இருக்குன்னு சொல்லுது, இதை வச்சு என்ன பண்றதுன்னு சொல்லவே இல்ல. சொல்லாததுக்குக் காரணம் சிம்பிள், பேரு வச்சவங்களுக்கே அது தெரியாது.

நான் டிடிபி வேலை பாக்கிறவன், வேலை இல்லாத நேரத்துல எல்லா எழுத்தையும் கட்டம் கட்டமா காட்டுற கேரக்டர் மேப்பைத் திறந்து ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது எனக்கு ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு. லட்சத்துக்கு மேல எழுத்து இருக்கிற அட்டவணைல பெரும்பாலானதுக்கு எனக்குத் தெரியாட்டியும் உலகத்துல எங்கயோ ஒருத்தருக்கு அர்த்தம் தெரிஞ்சிருக்கும், அது வேற கதை. நான் சொல்ல வர்றது யாருக்குமே சரியாத் தெரியாம, ஆனா எல்லா கம்ப்யூட்டர்லயும் உக்காந்திருக்கிற கொஞ்சம் குறிகளைப் பத்தி. இதுங்க எப்டி உள்ள வந்துச்சுன்னு தேடிப் பாத்தா பெரிய மர்மமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, எல்லாம் ஆபீஸ் வேலைதான். ஒரு பட்டியலைப் பாத்து இன்னொரு பட்டியல், அதைப் பாத்து இன்னொண்ணு, நடுவுல யாரோ ஒருத்தர் 'இது எங்க பாத்தது'ங்கிற கட்டத்தை நிரப்பாம விட்டுட்டாரு, அவ்ளோதான்.

உள்ள வந்ததை ஏன் தூக்க மாட்டேங்கிறாங்கன்னு கேப்பீங்க. யூனிகோடுல ஒரு குறிக்கு ஒரு நம்பர் குடுத்துட்டா அது நிரந்தரப் பட்டா மாதிரி, குடுத்தவங்களே ரத்து பண்ண முடியாது. எங்கயோ யாரோ ஒருத்தரோட பழைய ஃபைல்ல அந்த நம்பர் இருக்கலாம், நாளைக்கு அதைத் திறந்தா கெட்டுப் போயிடக் கூடாது, அதனால எழுத்தையும் எடுக்கிறதில்ல, பேரையும் திருத்துறதில்ல. ஒரு பிராக்கெட் குறியோட பேர்ல 'பிராக்கெட்'ங்கிற வார்த்தையிலயே சி-யும் கே-யும் இடம் மாறி அச்சாயிடுச்சு, இன்னிக்கும் அப்டியேதான் இருக்கு. கணக்குல வையர்ஸ்ட்ராஸ் ஃபங்ஷனுக்குப் போடற ஒரு சின்ன 'பி' இருக்கு, அதோட பேரு 'பெரிய பி'. நம்ம ஆய்த எழுத்துக்கும் இதே கதிதான், யூனிகோடுல ஃ-ஓட பேரு 'தமிழ் விசர்க்கம்'. தமிழ்ல எவனய்யா விசர்க்கம் வச்சிருக்கான்னு கேட்டு ஒண்ணும் ஆகப் போறதில்ல, பக்கத்துல பொடி எழுத்துல 'ஆய்தம்'னு ஒரு குறிப்பு போட்டு விட்டுட்டாங்க. பேரு தப்பானதுக்கே இந்த நிலைமைன்னா அர்த்தமே இல்லாததை யாரு வெளிய அனுப்புவா?

சரி, ஆங்ஸாருக்கு வருவோம். 2002 பதிப்புல கணிதக் குறிங்க கூட்டமா உள்ள வந்துச்சு. அதுக்குப் பின்னாடி ஸ்டிக்ஸ்-னு ஒரு திட்டம், அறிவியல் ஜர்னல் போடற பெரிய சங்கங்களும் பதிப்பகங்களும் சேர்ந்து நடத்துனது, எந்த ஜர்னல்ல எந்தக் குறி வந்தாலும் கம்ப்யூட்டர்ல அடிக்க முடியணும்ங்கிறது நோக்கம். நல்ல நோக்கம்தான், குறை சொல்ல முடியாது. அவங்க கையில கிடைச்ச பட்டியல் எல்லாத்தையும் சேத்தாங்க, அதுல ஒண்ணு ஐஎஸ்ஓ-ங்கிற சர்வதேசத் தர அமைப்பு 1991-ல போட்ட ஒரு தொழில்நுட்ப அறிக்கை, ஆங்ஸார்ங்கிற பேரு அதுல இருக்கு, பக்கத்துல விளக்கம்னு பாத்தா திரும்பவும் உருவம்தான். 2022-ல ஒரு ஆராய்ச்சியாளர் இதைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடியே போனாரு, லைப்ரரி லைப்ரரியா கேட்டு எழுதி, கடைசில மோனோடைப் கம்பெனி ஈய அச்சு காலத்துல வச்சிருந்த கணிதக் குறி பட்டியல்ல இதே உருவத்தைக் கண்டுபிடிச்சாங்க. அங்கயும் வெறும் சீரியல் நம்பர்தான். மோனோடைப்காரனுக்கு அது போதும்ல, அவன் விக்கிறது ஈய அச்சு, ஆர்டர் பண்றவனுக்கு நம்பர் தெரிஞ்சா போதும், கோணமா அம்பான்னு அவனுக்கு என்ன கவலை.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் முன்னாடிதான் முடிச்சு அவிழ்ந்துச்சு. பெர்லின்ல பெர்டோல்ட்னு ஒரு அச்செழுத்துக் கம்பெனி இருந்துச்சு, 1858-ல ஆரம்பிச்சது, அவங்க 1950-ல போட்ட குறிகளோட மாதிரிப் புத்தகத்துல இந்த உருவம் இருக்கு, பக்கத்துலயே ஜெர்மன்ல 'அஸிமுத், திசைக்கோணம்'னு எழுதியும் இருக்கு. அதாவது நில அளவையிலயும் வானியல்லயும் வடக்குலேர்ந்து எத்தனை டிகிரி திரும்பி ஒரு பொருள் இருக்குன்னு சொல்றாங்கல்ல, அந்தக் கோணம். அம்பு ஏன் மடிஞ்சு மடிஞ்சு போகுதுன்னா, கோணம் அளக்கற செக்ஸ்டன்ட் கருவிக்குள்ள கண்ணாடில பட்டுத் திரும்பற வெளிச்சத்தோட பாதை அப்டித்தான் இருக்கும்னு ஒரு விளக்கம் சொல்றாங்க, படத்தைப் பாத்தா ஒத்துக்கத் தோணுது. ஆனா பாருங்க, அர்த்தம் கிடைச்சதுக்கு அப்புறமும் ஒண்ணும் மாறல. சர்வே பண்றவங்க யாரும் இதை எழுதறதில்ல, இங்கிலீஷ் 'ஏ' இல்லாட்டி கிரேக்க ஆல்ஃபா போட்டுட்டுப் போயிடறாங்க. ஃபாண்ட் செய்யிறவங்க மட்டும் ஒவ்வொரு தடவையும் கடமைக்கு இதை வரைஞ்சுக்கிட்டு இருக்காங்க.

என்னைக் கேட்டா இந்த வரிசைல ராஜா யாருன்னா ஜப்பான்காரங்களோட பேய் எழுத்துங்கதான். பேரு நான் வச்சது இல்ல, அவங்களே அப்டித்தான் சொல்றாங்க.

1978-ல ஜப்பான் கம்ப்யூட்டருக்குன்னு தன்னோட முதல் கஞ்சி எழுத்துத் தரத்தை, அதாவது எந்தெந்த எழுத்து உள்ள இருக்கணும்ங்கிற அதிகாரபூர்வ அட்டவணையைக் கொண்டு வந்துச்சு (கஞ்சின்னா குடிக்கிறது இல்லைங்க, சீனாலேர்ந்து வந்த பட எழுத்து). மொத்தம் 6,349 கஞ்சி. எந்த எழுத்தைச் சேக்கிறது எதை விடறதுன்னு முடிவு பண்ண ஏற்கனவே இருந்த பட்டியல்களை எடுத்துக்கிட்டாங்க. தகவல் செயலாக்கச் சங்கத்தோட வரைவு ஒண்ணு, அரசாங்க நிர்வாகத்துக்கான அடிப்படை எழுத்துங்க ஒண்ணு, நிப்பான் லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் பேருங்களுக்காக வச்சிருந்த பட்டியல் ஒண்ணு, அப்புறம் நாட்டுல இருக்கிற அத்தனை ஊர், கிராமம், சின்னச் சின்ன பகுதிங்க பேரும் இருக்கிற ஒரு பெரிய நிர்வாகத் தொகுப்பு. யோசிச்சுப் பாத்தா இது ரொம்ப சரியான வழிதான். அகராதிய மட்டும் பாத்தா கடைகோடி கிராமத்தோட பேரு விட்டுப்போகும், அந்த ஊர்க்காரன் நாளைக்கு கம்ப்யூட்டர்ல அட்ரஸ் அடிக்க முடியாம நிப்பான்.

தரம் வந்து கொஞ்ச வருஷம் கழிச்சு அகராதி போடறவங்க முழிக்க ஆரம்பிச்சாங்க. இதுல இருக்கிற சில எழுத்துக்கு எந்த அகராதிலயும் அர்த்தம் இல்ல, உச்சரிப்பு இல்ல, எங்கயும் பாத்ததே இல்ல. 1997-ல தரத்தைத் திருத்தற நேரத்துல இதுக்குன்னு உக்காந்து ஆராய்ச்சி பண்ணாங்க, ஸஸஹாரா ஹிரோயுகிங்கிற எழுத்து ஆராய்ச்சியாளர் அதுல முக்கியமானவரு. பழைய மூலங்களைத் தேடி எடுத்து, அந்த ஊர்ப்பேர்த் தொகுப்பைப் பக்கம் பக்கமா புரட்டிப் பாத்தாங்க. சந்தேகப்பட்டதுல நிறைய எழுத்து உண்மையாவே எங்கயோ ஒரு மூலைல ஊர்ப்பேரா இருந்துச்சு. மிச்சமா ஒரு டஜன் நின்னுச்சு.

அந்த டஜன்ல ஒண்ணோட கதையை நான் பாக்கிறவங்ககிட்டல்லாம் சொல்லிருக்கேன், இப்ப உங்ககிட்டயும் சொல்லிடறேன். ஷிகா மாகாணத்துல தாகாங்கிற ஊர்ப்பக்கம் ஒரு சின்ன இடம், அதோட பேர்ல ஒரு அபூர்வ எழுத்து வருது, மேல 'மலை', கீழ 'பெண்', ரெண்டும் சேர்ந்து ஒரே எழுத்து. அச்சுல அந்த எழுத்து இல்ல. சரின்னு யாரோ ஒருத்தர் ஒரு தாள்லேர்ந்து 'மலை'யை வெட்டி, இன்னொண்ணுலேர்ந்து 'பெண்'ணை வெட்டி, ஒண்ணு கீழ ஒண்ணு ஒட்டிட்டாரு. ஒட்டுன தாளோட ஓரம் நகல்ல ஒரு மெல்லிய நிழலா விழுந்துச்சு. அடுத்து அதைப் பாத்து எழுதுனவரு நிழலை ஒரு கோடுன்னு எடுத்துக்கிட்டாரு. மலை, ஒரு கோடு, பெண். புது எழுத்து பொறந்தாச்சு, தரத்துல ஏறியாச்சு, நம்பரும் வாங்கியாச்சு. ஒரிஜினல் எழுத்து வெளியவே நிக்குது! 2000-ல வந்த பெரிய தரத்துலதான் ஒரிஜினலுக்கு இடம் கிடைச்சுது, அதுக்காக பேயைக் கிளப்பி விடவும் இல்ல, ரெண்டும் இன்னிக்கு பக்கத்து வீட்டுக்காரங்க.

வெட்டி ஒட்டற வேலைய நானும் பாத்திருக்கேன். கம்ப்யூட்டர் வந்த புதுசுல கூட சின்ன பிரஸ்ல எல்லாம் ஒரு எழுத்து தப்பா வந்துட்டா பிளேடால வெட்டி சரியான எழுத்தை ஒட்டி அதையே ஃபிலிம் எடுப்பாங்க, ஓரத்துல கோடு விழாம இருக்க வெள்ளை மை வச்சு தடவுவாங்க. அந்த ஜப்பான் ஆபீஸ்ல யாரோ வெள்ளை மை தடவ மறந்திருக்காங்க.

மத்ததெல்லாம் கிட்டத்தட்ட இப்டித்தான், பாத்து எழுதறப்ப வந்த பிழைன்னு ஓரளவுக்குச் சொல்லிட்டாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் யாராலயும் முடியல. இடது பக்கம் 'வில்', வலது பக்கம் 'அண்ணன்'ங்கிற எழுத்து ரெண்டும் சேர்ந்தது. எந்த ஊர்லேர்ந்து, எந்த ஆள் பேர்லேர்ந்து வந்துச்சுன்னு மூலமே கிடைக்கல. ஆனா ஜப்பானிய கீபோர்டுல ஒரு கஞ்சியை வரவழைக்கணும்னா அதோட உச்சரிப்பை அடிக்கணுமே, அதனால பாதி உருவத்தைப் பாத்து 'கா'ன்னு படிக்கலாம்னு ஒரு உச்சரிப்பையும் குடுத்துட்டாங்க. அர்த்தமே இல்லாத எழுத்துக்கு இப்ப சத்தம் இருக்கு. அதோட நிக்கலை, யூனிகோடு சீனா, ஜப்பான், கொரியா மூணு பக்கத்து எழுத்தையும் ஒண்ணா சேத்தப்ப பேய்ங்களும் கூடவே ஏறிடுச்சு, சீனால 90-கள்ல வந்த ஜிபிகே தரம் அப்டி ஒண்ணா சேத்த 20,902 எழுத்தையும் அப்டியே எடுத்துக்கிச்சு, அதனால ஷாங்காய்ல ஃபாண்ட் செய்யிற ஒருத்தர் ஷிகா பக்கத்து ஒட்டுத்தாள் நிழலை உக்காந்து அழகா தூரிகை மாதிரி இழுத்து வரைஞ்சாகணும்.

ஐபிஎம் பிசி கதை இவ்ளோ ஆழம் இல்ல, சீக்கிரம் சொல்லிடலாம். 1981-ல வந்த மெஷின், எழுத்துக்குன்னு அதுல 256 இடம், அதுல 1-லயும் 2-லயும் சிரிச்ச முகம் ☺ ☻, 127-ல ஒரு வீடு ⌂. டாஸ் காலத்துல ஆல்ட்டை அழுத்திக்கிட்டு 1 அடிச்சா சிரிப்பாரு, அதைப் பாத்து சிரிச்சவங்க இதைப் படிக்கிறவங்கள்ல கண்டிப்பா இருப்பீங்க. இந்த வேடிக்கைக் குறியெல்லாம் வாங் கம்பெனியோட வேர்டு ப்ராசசர் மெஷினைப் பாத்து வச்சதுன்னு பில் கேட்ஸ் 1995-ல ஒரு பேட்டில சொல்லிருக்காரு. 127-ங்கிறது டெலீட்டுக்கான இடம், பேப்பர் டேப் காலத்துல ஏழு ஓட்டையையும் குத்திட்டா அழிஞ்சதா அர்த்தம், அந்த இடத்துல ஏன் வீட்டைக் கட்டுனாங்களோ. அது வீடா இல்ல கிரேக்க டெல்டாவான்னு கூட சண்டை இருக்கு, யூனிகோடு 'வீடு'ன்னே பதிஞ்சிடுச்சு. இடம் பத்தாம ஒரே உருவத்தை ஜெர்மன் எழுத்தாவும் கிரேக்க பீட்டாவாவும் வச்சு ஒப்பேத்துனதும் இதே அட்டவணைலதான்.

¤ பாத்திருப்பீங்க, வட்டத்துக்கு நாலு பக்கமும் கால் வச்ச மாதிரி. 1972-ல ஐஎஸ்ஓ தரத்துல டாலர் குறியை உலகம் முழுக்க பொதுவா வைக்கக் கூடாதுன்னு ஆட்சேபணை வந்துச்சு, சமரசமா எந்த நாட்டுப் பணமும் இல்லாத ஒரு பணக் குறியைக் கண்டுபிடிச்சாங்க. யாருக்கும் வலிக்காத குறி, அதனாலயே யாருக்கும் வேண்டாத குறி. 1991-ல டாலர் திரும்ப வந்துடுச்சு, 1999-ல ஐரோப்பிய அட்டவணை ஒண்ணுல இதைத் தூக்கிட்டு யூரோவை உக்கார வச்சாங்க. இப்ப இதைத் தினம் பாக்கிறது எங்கள மாதிரி ஆளுங்கதான், வேர்டுல டேபிள் போட்டு மறைஞ்ச குறியெல்லாம் காட்டுன்னு சொன்னா ஒவ்வொரு செல் முடியற இடத்துலயும் இது நிக்கும். பணத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

பணம்னதும் செக் புக் ஞாபகம் வருது. வீட்டுல இருந்தா எடுத்து அடியில பாருங்க, கட்டை கட்டையா நம்பருங்க, நடுவுல ⑈, ⑆ன்னு விசித்திரமான கோடுங்க. செக் நம்பருக்கு ரெண்டு பக்கமும் காவலா ⑈, அடுத்து ஊர், பேங்க், கிளைக்கான ஒன்பது இலக்கம், அது முடியற இடத்துல ⑆. காந்த மைல அடிக்கிறது, மெஷின் படிக்கறதுக்காக, மொத்தம் பத்து இலக்கமும் நாலு குறியும்தான் அந்த எழுத்து வரிசை. இந்த நாலுக்கும் வேலை தெளிவா இருக்கு, தினமும் லட்சக்கணக்கான செக்ல ஓடுது. இதுல என்ன கூத்துன்னா யூனிகோடு இதுங்களைச் சேத்தப்ப ரெண்டோட பேரை மாத்திப் போட்டுடுச்சு. டேஷ் குறிக்கு 'கஸ்டமர் அக்கவுண்ட் நம்பர்'னு பேரு, ⑈ குறிக்கு 'டேஷ்'னு பேரு. திருத்த முடியாதே, அதனால 'திருத்தப்பட்ட மாற்றுப் பேரு'ன்னு இன்னொரு பட்டியல் வச்சு அதுல சரியான பேரைப் போட்டிருக்காங்க. அதே பக்கத்துல கொக்கி, நாற்காலி, முள்கரண்டின்னு இன்னும் சில குறி இருக்கு, மெஷின் பாத்துப் படிக்கிறதுக்காகச் செஞ்ச ஓசிஆர்-ஏ எழுத்து வரிசைலேர்ந்து வந்தது. அதுக்கெல்லாம் நிலையான அர்த்தம் கிடையாது, பயன்படுத்தறவங்க தங்களுக்கு வேண்டியதை வச்சுக்கலாம். அது நேர்மையான ஏற்பாடுன்னு எனக்குப் படுது.

நம்ம பக்கம் என்ன இருக்குன்னா, தமிழ்ப் பகுதிலயே கடைசில எட்டுக் குறி இருக்கு, 2003-ல வந்த 4.0-ல சேத்தது: ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண். முதல் மூணையும் கல்யாணப் பத்திரிகைல இன்னும் பாக்கலாம், ௸ பழைய பத்திரத்துல வரிக்கு வரி வரும். இதுங்களுக்குப் பொருள் தெரியாம இல்ல, தெரிஞ்சவங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. பத்திரிகைக்கு மேட்டர் கொண்டு வர்ற பையன் ௵ஐப் பாத்து "இது என்ன சார் டிசைனா, எடுத்துடுங்க"ன்னு சொல்றான். வெளிநாட்டுல இந்த ௵ அதோட அகலத்துக்காகவே பிரபலம், யூசர்நேம்ல அலங்காரத்துக்குப் போட்டுக்கறாங்க, வருஷம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

2019-ல 12.0 பதிப்புல 'தமிழ் இணைப்பு'ன்னு தனியா ஒரு பகுதி வந்துச்சு, 51 குறி. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. முந்திரின்னா 1/320, அரைக்காணி 1/160, காணி 1/80, அப்புறம் மா, வீசம், அரைக்கால்னு பின்னங்க எல்லாம். 'கீழ்'னு ஒரு குறி, அதை முன்னாடி போட்டா இன்னும் 320 மடங்கு சின்னதாயிடும், கீழ்முந்திரின்னா 1/1,02,400. திண்ணைப் பள்ளிக்கூடத்துல பசங்க எண்சுவடில மனப்பாடம் பண்ண சமாச்சாரம். அதோட செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்குன்னு நெல்லளவு, காசு, பணம், பொன், வராகன், குழி, வேலி, நன்செய்க்கு ஒண்ணு, புன்செய்க்கு ஒண்ணு, உப்பளத்துக்குக் கூட ஒண்ணு. கணக்கு எழுதறதுக்கு 'போக', 'ஆக', 'வசம்', 'வகையறா', இத்தனை சொச்சம்னு சொல்றோம்ல அதுக்கு 'சில்வானம்'. கணக்கப்பிள்ளை வேகமா எழுதணும், ஓலைலயோ பேப்பர்லயோ இடம் மிச்சம் பிடிக்கணும், அதுக்காக வந்ததுங்க.

இதுல நான் கவனிச்ச முக்கியமான விஷயம் என்னன்னா, இந்த 51-க்கும் ஒவ்வொண்ணா சான்று காட்டித்தான் உள்ள விட்டாங்க. பழைய கணக்குப் புத்தகம், சுவடின்னு எந்தப் பக்கத்துல எப்டி எழுதிருக்குன்னு படம் எடுத்துப் போட்டு 2013 வாக்குல முன்மொழிவு போச்சு, எந்த வடிவம் சரின்னு வருஷக்கணக்கா வாதம் நடந்துச்சு, அரைக்கும் வீசத்துக்கும் ரெண்டு ரெண்டு வடிவம் சான்றோட இருந்ததால ரெண்டையும் தனித்தனியா சேத்தாங்க. ஏன் இவ்ளோ இழுக்கறாங்கன்னு அப்ப நிறைய பேரு அலுத்துக்கிட்டாங்க. வில்லும் அண்ணனும் சேர்ந்த அந்த எழுத்துக்கு 70-கள்ல யாராவது இப்டி இழுத்திருந்தா, இன்ன ஊர்னு ஒரு வரி மிஞ்சிருக்கும்.

இப்ப நடைமுறை என்னன்னா, சான்றோட வந்த இந்த 51-ஐ பாதி ஃபோன்ல காட்டக்கூட வழி இல்ல, ஆங்ஸார் ஜோரா தெரியுது, சில்வானம் கட்டமா வருது. கூகுளோட நோட்டோ வரிசைல தமிழ் இணைப்புக்குன்னு தனி ஃபாண்ட் இருக்கு, இறக்கிப் போட்டுக்கிட்டா எல்லாம் தெரியும். கீபோர்டுல அடிக்கிறதுக்கு நான் இன்னும் நல்ல வழி எதையும் பாக்கல, கேரக்டர் மேப்பைத் திறந்து காப்பி பண்ணி ஒட்டறதுதான், வேற யாராவது லேஅவுட் செஞ்சு வச்சிருந்தா சொல்லுங்க, ஒரு பஞ்சாங்க வேலை கையில இருக்கு, வர்ற மாசத்துக்குள்ள முடிச்சுக் குடுக்கணும்.